பார்வைப் பதிவு

ஒரு மனிதன் ஒரு நாட்டில் இருக்கிறானா இல்லையா என்று தெரிந்துகொள்ள, அவன் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும் என்று நீங்களும் நானும் நினைப்போம். அதனால்தான் நமக்கெல்லாம் குடியுரிமைப் பதிவுத் துறையில் வேலை கிடைக்கவில்லை. அங்கே இருக்கிறவர்கள் அவ்வளவு அற்பமாக யோசிப்பதில்லை. அவர்கள் அதற்கென்று தரையில் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

மஞ்சள் கோடு. துறைக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், ஈரத் துடைப்பமும் பழைய காகிதமும் சேர்ந்து நாறுகிற நீளக் கூடத்தில், சுவருக்குச் சுவர் இழுத்திருந்தது. இந்த நாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்ட வெளிநாட்டவர் இரண்டு வருடம் தொடர்ந்து இங்கேயே வசித்தால், பதிவு செய்துகொண்டு குடிமகன் ஆகலாம் என்பது சட்டம். வசித்ததை நிரூபிக்க, திங்கட்கிழமைதோறும் காலையில் வந்து அந்தக் கோட்டின்மேல் நிற்க வேண்டும். எதிரே கண்ணாடிக்குப் பின்னால் பார்வை அதிகாரி உட்கார்ந்திருப்பார். அவர் நிமிர்ந்து உங்களைப் பார்த்தால் அந்த வாரம் நீங்கள் நாட்டில் இருந்தீர்கள். பார்க்கவில்லை என்றால் இல்லை. ஒரு வாரம் இல்லாமல் போனாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

நம் ரொட்டிக்காரன் இந்தக் கோட்டுக்கு வந்து சேர்ந்தது காதலால். ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற பக்கத்து நாட்டில் பிறந்தவன். இரண்டு கரையிலும் ஒரே பேச்சு, ஒரே மழை, ஒரே கொசு. இந்தக் கரைக் கணக்கு டீச்சர் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, தெருமுனையில் ஒரு பேக்கரி போட்டு, ஒரு பெண் குழந்தைக்கும் அப்பாவாகிவிட்டான். அக்கரையில் அவனுக்கென்று மிச்சம் இருந்தது அம்மா மட்டும்தான். இதயம் பலவீனமான, வாய் பலவீனமாகாத அம்மா.

அம்மாவை இங்கே அழைத்துவர முடியாது. குடிமகனுக்குத்தான் அந்த உரிமை. இவன் போய்ப் பார்த்துவிட்டு வரவும் முடியாது. ஒரு ராத்திரி வெளியே தங்கினாலும் ‘தொடர்ந்து வசித்தல்’ அறுந்துபோகும்.

“நீ குடிமகன் ஆனதும் வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் நான் சாக மாட்டேன். வாக்குக் குடுத்துட்டேன்” என்று அம்மா போனில் சொல்லிச் சிரித்தாள். அவன் வாரம் ஒருமுறை அவளோடு பேசுவான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் கோட்டில் போய் நின்றான்.

முதல் திங்கட்கிழமை பார்வை அதிகாரி தலையையே தூக்கவில்லை. பென்சில் சீவினார். சீவிய பென்சிலை மறுபடி சீவினார். ரொட்டிக்காரன் தொண்டையைக் கனைக்கப் போனபோது, பக்கத்தில் நின்ற கடிகாரக்காரர் அவன் கையைப் பிடித்து அழுத்தினார். கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். இந்தக் கோட்டில் நின்றே தலை நரைத்தவர்.

“இருமாதீங்க தம்பி. இருமினா அதிகாரியை மிரட்டினதா எழுதிடுவாரு.”

“கையை ஆட்டலாமா?”

“ஆட்டினா கவர முயற்சி. அது அதைவிட மோசம்.”

“அப்ப எப்படிண்ணே பார்க்க வைக்கறது?”

“அவரா பார்க்கணும். எனக்கு ஒரு தடவை, ஒரு மாசம் மட்டும் மிச்சம் இருந்துச்சு. அப்ப பார்த்து இந்த மனுஷனுக்குக் கழுத்துச் சுளுக்கு” என்றார் கடிகாரக்காரர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

அடுத்த வாரம் ரொட்டிக்காரன் அடுப்பிலிருந்து நேராக வந்தான். கடைகளுக்கு அனுப்ப வேண்டிய பன்கள் கையில் ஒரு பையில் இருந்தன. பையை அவன் திறக்கக்கூட இல்லை. வெண்ணெய் வாசனை கண்ணாடியின் ஓட்டை வழியாக உள்ளே போயிற்று. பார்வை அதிகாரியின் மூக்கு முதலில் நிமிர்ந்தது. பிறகு அதோடு ஒட்டிக்கொண்டிருந்த முகமும் நிமிர்ந்தது. கோட்டில் நின்ற அத்தனை பேரும் அந்த வாரம் நாட்டில் இருந்தார்கள்.

அன்றிலிருந்து அவனுக்குக் கோட்டில் ராஜமரியாதை. எல்லாரும் அவனை நடுவில் நிற்க வைத்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அதிகாரிக்கு இரண்டு பன் உள்ளே போகும். கணக்கு ஒழுங்காக ஓடியது. வீட்டில் டீச்சர் காலண்டரைப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு டாக்டர்கள் மாத்திரையை மாற்றியிருந்தார்கள். அவள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

வருடம் முடிகிற சமயத்தில் பார்வை அதிகாரி அவனைக் கண்ணாடிக்கு அருகே கூப்பிட்டார்.

“தம்பி, ஒரு வருத்தமான விஷயம். மேலிடத்துல கேட்டாங்க, இவ்வளவு நாளா நீங்க யாரைப் பார்த்தீங்கன்னு. நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு.”

“என்னைத்தானே சார் பார்த்தீங்க?”

“இல்ல தம்பி. நான் பார்த்தது பன்னை.”

அவன் குனிந்து கையிலிருந்த பையைப் பார்த்தான்.

“யோசிச்சுப் பாருங்க. என் கண்ணு பன்னு மேல. நீங்க அதைப் பிடிச்சிட்டு இருந்த கை. கைக்குக் குடியுரிமை குடுக்க முடியுமா? நானும் இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒருத்தரையும் அநாவசியமா பார்த்ததில்ல. அந்தப் பேரை நான் கெடுத்துக்கக் கூடாது பாருங்க.” அவர் மீசையில் பன் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. “ஆனா உங்களுக்கு ஒரு வழி சொல்றேன். இனிமே பன்னைப் பக்கத்துக் கதவு வழியா அனுப்பிடுங்க. நான் சாப்பிட்டு, கையைக் கழுவிட்டு வந்து உங்களைப் பார்க்கறேன். ரெண்டையும் கலக்கக் கூடாது. அதுதான் நேர்மை.”

வருடக் கணக்கு பூஜ்யத்துக்குப் போயிற்று. கடிகாரக்காரருக்கும் போயிற்று. அவருக்கு அது பழகிப்போயிருந்தது. ரொட்டிக்காரன் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் உண்மையையே சொன்னான்.

“மறுபடியும் ரெண்டு வருஷமா?” என்று கேட்டாள் அம்மா. “சரி கண்ணு. அப்ப நான் மாத்திரையை ஒழுங்கா சாப்பிடணும்.”

அவன் நின்றான். பன் ஒரு கதவு வழியாகவும் மனிதன் ஒரு கதவு வழியாகவும் போக, திங்கட்கிழமைகள் நகர்ந்தன. இரண்டாவது வருடம் பாதி தாண்டியதும் பற்று அதிகாரி என்று ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்தார். சட்டத்தில் ‘வேற்று நாட்டின்மீது பற்று இல்லாதவராக இருத்தல்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பரிசோதிக்கிறவர் அந்த அம்மாள். கையில் தோல்பை, கழுத்தில் தையல்காரர் மாட்டுகிற மாதிரி அளவு நாடா.

வந்தவர் முதலில் சமையலறைக்குள் நுழைந்து டப்பாக்களைத் திறந்து பார்த்தார். படுக்கையறையில் தலையணைகளை எண்ணினார். பிறகு கூடத்தில் உட்கார்ந்து புருஷன் பெண்டாட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் வந்து இவ்வளவு நேரமாச்சு. நீங்க ரெண்டு பேரும் ஒரு சண்டைகூட போடலையே?”

“எதுக்குங்க சண்டை?” என்றான் ரொட்டிக்காரன்.

“உண்மையான புருஷன் பெண்டாட்டியா இருந்தா போடுவாங்க. குடியுரிமைக்காகக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்கதான் இப்படி ஒத்துமையா இருப்பாங்க. எங்க அனுபவத்துல பார்த்திருக்கோம்.”

டீச்சர் இதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள். இப்போது கணவன் பக்கம் திரும்பினாள்.

“எல்லாம் உங்களாலதான்! கண்டவங்க வந்து என் பருப்பு டப்பாவைத் திறந்து பார்க்கறாங்க, தலையணையை எண்ணறாங்க, நீங்க கையைக் கட்டிக்கிட்டு ‘எதுக்குங்க’ன்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்க! ஒரு தடவையாவது வாயைத் திறந்து ஏன்னு கேட்டிருக்கீங்களா?”

“நான் என்னடி பண்ண முடியும்? ஏன்னு கேட்டா முதல்லேர்ந்து நிக்கணும்!”

குழந்தை அழ ஆரம்பித்தது. பற்று அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. “இதுதான் குடும்பம்” என்று சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து சுவரிலிருந்த அம்மாவின் படத்தை நாடாவால் அளந்தார். அதன் பக்கத்தில் மாட்டியிருந்த இந்த நாட்டு வரைபடத்தையும் அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“படம் பெருசா இருக்கு.”

“அது எங்கம்மா.”

“தெரியுது. அவங்க வரைபடத்தைவிட ஒரு விரல் அகலமா இருக்காங்க. சரி, அம்மாகிட்ட எப்பப்ப பேசுவீங்க?”

“வாரத்துக்கு ஒரு தடவை.”

“மாமியார்கிட்ட?”

“அவங்க எதிர்வீட்லதான் இருக்காங்க. தினமும் பார்க்கறோம். போன் எதுக்கு?”

“அப்ப நம்ம நாட்டு மாமியாருக்கு ஒரு போன்கூட இல்ல. அந்த நாட்டு அம்மாவுக்கு வாரா வாரம். பற்று எந்தப் பக்கம் சாயுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கனிவாகப் பேசுகிறாராம். “நாங்க அம்மாங்களுக்கு எதிரி இல்ல தம்பி. எனக்கும் அம்மா இருக்காங்க. முதியோர் இல்லத்துல விட்டிருக்கேன். வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பேன், அதுவும் லீவு கிடைச்சா. இந்த நாட்டுலயே பிறந்த நானே இப்படி இருக்கும்போது, வெளியிலேர்ந்து வந்த நீங்க வாரா வாரம் அம்மா அம்மான்னு இருந்தா நல்லாவா இருக்கு?”

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதற்கும் ஒரு தீர்வு வைத்திருந்தார்கள். ‘பற்று விடுவிப்பு’ என்று பெயர். அக்கரையில் இருக்கிற தாய், “இவர்மீது எனக்குத் தாய் என்ற உரிமையோ உறவோ இல்லை” என்று கையெழுத்திட்டு, அந்த நாட்டு அரசாங்கத்தின் முத்திரையும் வாங்கி அனுப்ப வேண்டும். முத்திரை போட்டதில் ஒரு பிரதி அந்த அரசாங்கத்திடமே இருக்கும். இதைக் கண்டுபிடித்தவனும் ஒரு வயிற்றில்தான் பிறந்திருப்பான் என்பதை நினைத்தால் குமட்டுகிறது.

ரொட்டிக்காரன் இதை அம்மாவிடம் கேட்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். கடையில் மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று, யாருக்கும் கேட்காமல், போனில் திக்கித் திணறிச் சொல்லி முடித்தான்.

“கையெழுத்துதானே” என்றாள் அம்மா. “உன்னைப் பெத்துக்கறதுக்கு நான் எவன்கிட்டயும் கையெழுத்து வாங்கலையே. பக்கத்து வீட்டுக்காரி கூட்டிட்டுப் போவா. போட்டுட்டு வரேன்.”

“மனசுல வெச்சுக்காதம்மா.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.” கொஞ்சம் பொறுத்து, “ஆமா, இனிமே போன் பண்ணுவியா, பண்ணக் கூடாதா?” என்று கேட்டாள்.

“பண்ணுவேன்மா.”

“வீட்லேர்ந்து வேண்டாம். இப்ப மாதிரி கடையிலேர்ந்தே பண்ணு” என்றாள். அவன் அங்கேயே மூட்டைமேல் உட்கார்ந்து அழுதான். வீட்டுச் சுவரிலிருந்த படத்தை எடுத்துவிட்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படம் மாட்டினான். அம்மாவின் முகம் அதில் யாரோ தூரத்துச் சொந்தம் போலத் தெரிந்தது.

இரண்டு வருடமும் முடிந்தது. பார்வை அதிகாரி எல்லா வாரமும் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்திருந்தார். இனி உறுதிமொழி மட்டும்தான் பாக்கி. அதற்கு நாள் குறித்தார்கள். மேடைக்கு விரிக்கிற கம்பளம் சலவையிலிருந்து வரவில்லை என்று தள்ளி வைத்தார்கள். கம்பளம் வந்தது. துறைத் தலைவரின் பேச்சு எழுதி முடியவில்லை என்று மறுபடி தள்ளினார்கள். அந்தச் சமயத்தில்தான் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

“ஒரே ஒரு நாள் சார். போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்” என்று பார்வை அதிகாரியிடம் கெஞ்சினான்.

“தாராளமா போங்க! யாரு தடுத்தா? இது சுதந்திர நாடு தம்பி. யாரையும் நாங்க கட்டி வெக்கறதில்ல.” அவர் பென்சிலை எடுத்தார். “திரும்பி வந்து முதல்லேர்ந்து நில்லுங்க, அவ்வளவுதான்.”

அவன் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். கடிகாரக்காரர் இந்த இரண்டு வருடத்துக்குள் அப்படித்தான் ஒருமுறை தன் ஊருக்குப் போனார். இன்னும் கோட்டில் நிற்கிறார்.

மூன்றாவது முறை குறித்த நாளில் விழா நிஜமாகவே நடந்தது. விருந்தினருக்குக் கொடுக்கிற பன்களை ரொட்டிக்காரனிடமே சொல்லியிருந்தார்கள். விடிந்து வெயில் ஏறுகிற நேரம், கடைசித் தட்டை அடுப்பிலிருந்து இழுத்தபோது போன் வந்தது. அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி.

“தம்பி, அம்மா போயிட்டாங்கப்பா. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வெச்சிருப்போம். வந்துடு.”

டீச்சர் ஓடிவந்தாள். “கிளம்புங்க. இப்பவே கிளம்புங்க. அந்தக் குடியுரிமை நாசமாப் போகட்டும்.”

அவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். “பத்து மணிக்கு உறுதிமொழி. முடிஞ்சதும் மத்தியானப் பஸ்ஸுக்குப் போயிடறேன்” என்றான். “இதுக்காகத்தானே அம்மா கையெழுத்துப் போட்டா. இப்ப விட்டுட்டுப் போனா அதுவும் வீணாப் போயிடும்.” தட்டு கையைச் சுட்டது அவனுக்குத் தெரியவே இல்லை. அவள்தான் வாங்கிக் கீழே வைத்தாள்.

விழா மண்டபத்தில் சலவைக் கம்பளம் விரித்திருந்தது. டீச்சரின் சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டுப் பற்று அதிகாரி என்னவென்று விசாரித்தார். சொன்னாள். “அடடா” என்றார் அவர். உடனே தோல்பையைத் திறந்து எதையோ எழுதினார். “நல்ல நேரம் பார்த்துதான் போயிருக்காங்க. உங்க வீட்டுக்காரர் விஷயத்துல எனக்கு இந்த ஒரு இடம்தான் உறுத்தலா இருந்துச்சு. இப்ப சுத்தமாயிடுச்சு.” சொல்லிவிட்டு மேடைக்குப் போய்த் துறைத் தலைவரின் காதில் ஓதினார்.

துறைத் தலைவர் விழாவைத் தள்ளிப்போட்டு எழுதிய பேச்சைப் பேசினார். நாடு என்பது தாய் மடி என்றார். அந்த மடியில் யார் படுக்கலாம் என்று முடிவு செய்கிற பெரும் பொறுப்பு தம்முடையது என்றார். அந்தப் பொறுப்பின் பாரத்தால் தமக்கு முதுகுவலி என்றும், அதனால்தான் புது நாற்காலி வாங்க வேண்டியதாயிற்று என்றும் சொன்னார். பிறகு தாளைக் கீழே வைத்தார்.

“இன்னைக்கு நம்ம முன்னால ஒரு உதாரண புருஷர் இருக்காரு. ரொட்டி போடறவர். காலையில அவரைப் பெத்த தாய் இறந்துட்டாங்க. ஆனா அவர் போகலை! நம்மகிட்ட வந்தாரு, அதுவும் பன்னோட வந்தாரு! பற்றுன்னா இதுதான்! எல்லாரும் கை தட்டுங்க!”

கை தட்டினார்கள். பார்வை அதிகாரி எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார். ரொட்டிக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டதும் கம்பளத்தில் ஏறி, கொப்புளம் போட்டிருந்த கையைத் தூக்கி, பிறந்த நாட்டோடு தனக்கு எந்த ஒட்டும் உறவும் இல்லை என்று சொல்லச் சொன்னபடி சொன்னான். பழைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு சான்றிதழைக் கொடுத்தார்கள். துறைத் தலைவர் தம் கையாலேயே ஒரு பன்னை அவன் வாயில் ஊட்டினார். படம் எடுத்தார்கள்.

பன் தொண்டையில் இறங்கவில்லை. அவன் வாசலுக்கு ஓடிப் பூந்தொட்டியில் துப்பினான். நேற்றுவரை அவனை “யோவ்” என்று கூப்பிட்ட காவலாளி வந்து சேர்ந்தான்.

“என்ன சார், குடிமகன் பண்ற வேலையா இது?”

இனி அக்கரைக்குப் போக அவனுக்கு அனுமதி வேண்டும். அவன் இப்போது அங்கே வெளிநாட்டவன். அந்த நாட்டின் தூதரகம் அதே தெருவில் நாலு கட்டிடம் தள்ளித்தான் இருந்தது. உள்ளே ஈரத் துடைப்பமும் பழைய காகிதமும் நாறின. தரையில் ஒரு பச்சைக் கோடு. ரொட்டிக்காரன் சொல்லாமலே அதன்மேல் போய் நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எதுக்குப் போறீங்க?”

“எங்கம்மா இறந்துட்டாங்க. அடக்கம் பண்ணணும்.”

அவர் அம்மாவின் பெயரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். “அந்தம்மாவுக்கு மகன்னு யாரும் இல்லையே. அவங்களே எழுதிக் குடுத்து, நாங்கதான் முத்திரை போட்டிருக்கோம்.”

“அது இந்த நாட்டுத் துறைக்காரங்க கேட்டதுக்காகக் குடுத்ததுங்க. நான்தான் அவங்க மகன்.”

“இருக்கலாம். ஆனா துக்க அனுமதி ரத்த சம்பந்தம் உள்ளவங்களுக்குத்தான் தர முடியும். சுற்றுலா அனுமதி வேணா தரேன், உடனே கிடைக்கும். எங்க நாட்டை நாலு பேர் வந்து பார்க்கணும்னுதான் எங்களுக்கும் ஆசை. எந்த இடம் பார்க்கப் போறீங்க?”

ரொட்டிக்காரன் தன் ஊரின் பெயரைச் சொன்னான்.

“அந்த ஊரா? அங்க பார்க்கறதுக்கு என்னங்க இருக்கு?”

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எங்கம்மா இருக்காங்க.”

“அப்ப ஒரு நாள் போதும்” என்று சொல்லி, தலையைத் தூக்காமலே முத்திரையைக் குத்தினார்.